யாரு எதிர்ல கேட்டீங்க?

எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல எத்தினி பசங்க?" என்பதுதான்.

"ஒரே பையன். அவனுக்கு அம்மை குத்தியாச்சு" என்றேன்.

பதில் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கேள்வியைக் கேட்ட கையோடு கண்ணை என் முகத்திலிருந்து எடுத்து, முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளின் மேல் மேயவிட்டார். அங்கே இரண்டு வயதுக் குழந்தையின் பாவாடை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"பையனுக்குப் பாவாடைதான் கட்றதாண்ணா?"

உள்ளறையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒளிந்திருந்த என் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல் தானாகவே வெளியே வந்துவிட்டாள். முந்தின வருடம் எதிர்வீட்டுக் குழந்தைக்கு அம்மை குத்தி மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. அந்தப் பயத்தில்தான் அப்படி ஒரு பொய். அதைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

"பேப்பர்ல எழுதற வேலைன்னு சொல்றாங்க. நீங்களே இப்பிடி சொன்னா, ஊர்ல மத்தவங்களை நான் இன்னான்னு போய்க் கேக்கறது?" என்றபடி அவர் மகளின் கையைப் பிடித்தார். பல் வைத்த வட்ட ஊசியை வைத்து ஒரு திருகு. அவள் வாயைத் திறந்து அழ ஆரம்பிப்பதற்குள் அந்த வாயில் ஒரு கல்கண்டு விழுந்தது.

அவர் நகராட்சியில் அம்மை குத்தும் பெண் ஊழியர். அறுபதுகளின் கடைசியில் அவருக்கு முப்பது வயது இருக்கலாம். தோளில் காக்கிப் பை, கையில் ஆம்பிளைக் குடை, இடது மணிக்கட்டில் பெரிய கைக்கடிகாரம். காஞ்சிபுரத்துக் குழந்தைகள் அவரைக் கண்டால் தெருமுனையிலேயே கலைந்து ஓடும். குழந்தைகளின் அம்மாக்கள் ஓட முடியாது. ஆகவே பொய் சொல்வார்கள்.

அந்தப் பொய்களுக்கு நடுவே ஏழெட்டு வருடம் நடந்து நடந்து அவருக்கு ஒரு குணம் வந்துவிட்டது. நேராகக் கேட்ட கேள்விக்கு நேராக வந்த பதிலை அவர் நம்பவே மாட்டார். யார் எதைச் சொன்னாலும் முதலில், "யாரு கேட்டாங்க? யாரு எதிர்ல கேட்டாங்க?" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப யாரு வூட்ல இல்ல?" என்று மூன்றாவதையும் கேட்பார். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தி அவருக்குச் செய்தி இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. தறியில் உட்கார்ந்திருந்தவர், "எங்களுக்குப் பசங்களே இல்லம்மா" என்று தழுதழுத்த குரலில் சொன்னாராம். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நெய்கிறவர் கால் வைத்து மிதிக்கும் குழிக்குள் அவர் காலே அசையவில்லை. "மிதிங்க, நெய்யிறத நான் பார்த்ததே இல்ல" என்று எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் இவர். ஐந்து நிமிடம் கழித்துக் குழிக்குள்ளிருந்து, "நைனா, கால் மரத்துப்போச்சு" என்று குரல் வந்தது. ஒன்றல்ல, இரண்டு குரல்.

ஆறு மாதம் கழித்து எங்கள் பக்கத்துப் போர்ஷனுக்கே அவர் குடிவந்தார். கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் எங்கள் வீட்டுக் காப்பி அவருக்கு, அவர் சந்தேகம் எங்களுக்கு.

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன வாரப் பத்திரிகையில். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தின் பின்கட்டில் அது ஓடியது. நிருபர், பிழை திருத்துபவர், சமயத்தில் சோதிடர் எல்லாம் நானே. கருட சேவைக்கு ஒரு லட்சம் பேர் கூடினார்கள் என்று எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் பத்திரிகையும் கையுமாக வந்துவிட்டார்.

"யாருண்ணா எண்ணுனது?"

"நான்தாம்மா."

"எங்க நின்னுக்கினு?"

"அச்சாபீஸ் மாடியில."

"மாடியிலருந்து பார்த்தா வெறும் தலைதான தெரியும்? என் தலையே அன்னிக்கு உங்க அச்சாபீஸை மூணு தரம் சுத்திச்சு. மூணு பேரா எண்ணிட்டீங்களா?"

என் மனைவிக்கு அன்று முழுவதும் சிரிப்பு. அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதினாலும் 'திரளான மக்கள்' என்றே எழுதினேன்.

தெருவில் ஒரு பெண்பார்க்கும் சடங்கு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைச் சம்மதமா என்று கேட்டார்கள், அவள் தலையாட்டினாள் என்று என் மனைவி சந்தோஷமாக வந்து சொன்னாள். இவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "எத்தினி பேரு எதிர்ல கேட்டாங்க?"

"ஒரு பத்துப் பன்னெண்டு பேர் இருப்பாங்க."

"பன்னெண்டு பேரு எதிர்ல தலை வேற எந்தப் பக்கம் ஆடும்? என்னையும் அப்பிடித்தான் கேட்டாங்க. நானும் ஆட்டுனேன்."

என் மனைவி முகம் வாடிவிட்டது. "அப்போ உங்களுக்கு இஷ்டம் இல்லாமயா...?"

"அய்ய, அப்பிடி இல்ல. கல்யாணம் ஆயி ஒரு வருசம் கழிச்சு, அரக்கோணம் பிளாட்பாரத்துல அவரு ஒண்டியா நின்னு கேட்டாரு. உனக்கு என்னைப் புடிச்சிருக்குதான்னு. அப்ப சொன்னேன் பாருங்க, அதான் பதிலு."

"என்ன சொன்னீங்க?"

"இங்க நீங்க ரெண்டு பேரு இருக்கீங்களே, எப்பிடிச் சொல்றது?" என்று தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருக்கும்போதுதான் நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் இரண்டே பேர். தராசுச் சின்னத்தில் ஒரு பட்டு வியாபாரி. பூட்டுச் சின்னத்தில் ஒரு தறிக்காரர். வியாபாரி பெரிய மனிதர். தறிக்காரரிடம் இருந்ததெல்லாம் ஒரு சைக்கிளும் ஒரு வாக்குறுதியும். பின்தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவருவேன் என்றார். போட்டி கடுமையாக இருந்தது.

கருத்துக் கணிப்பு என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் ஊருக்கு வரவில்லை. எங்கோ வெளிநாட்டில் அப்படிச் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லி எங்கள் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. 'வாக்காளர் நாடி' என்று தலைப்பையும் அவரே வைத்தார். "போய் நாடி பிடிச்சுக்கினு வாய்யா. கீழ உன் பேரைப் போடறேன்" என்றார். என் பெயர் அதுவரை அச்சில் வந்ததில்லை. மூன்று நாள் வெயிலில் அலைந்தேன். வீட்டுக்கு வீடு கேட்டு நோட்டில் கோடு போட்டேன். கூட்டிப் பார்த்தால் பூட்டுக்கு ஒரு பங்கு என்றால் தராசுக்கு இரண்டு பங்கு.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பெருமையாகப் பக்கத்துப் போர்ஷன்காரரிடம் நீட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. நான் தோளிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிய மஞ்சள் பையைப் பார்த்தார்.

"இந்தப் பையை மாட்டிக்கினா போனீங்க?"

"ஆமா."

"அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க."

படித்தேன். தராசு வேட்பாளருடைய பட்டுக்கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. முந்தின தீபாவளிக்கு அந்தக் கடை ஊர் முழுக்கக் கொடுத்த பை. ஊரில் பாதித் தறிகளுக்கு நூல் கொடுப்பதும் அவர்தான். அவர் கடைப் பையோடு வாசலில் நின்று, யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று மூன்று நாள் கேட்டிருக்கிறேன்.

"பூட்டுக்குன்னு அத்தினி பேராவது சொன்னாங்களே, தைரியசாலிங்க" என்றார் அவர்.

எனக்கு ரோஷமாகிவிட்டது. பையை வீசிவிட்டு, யாரும் வாயைத் திறக்காமலே ஓட்டுப் போடும்படி ஒரு வழி செய்தேன். வாய் குறுகலான ஒரு கூஜா. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு வேர்க்கடலை. தராசு என்றால் கடலையைக் கூஜாவில் போட வேண்டும், பூட்டு என்றால் கொட்டையை. மற்றது அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நான் திரும்பி நின்றுகொள்வேன். என் மனைவியும் கூட வந்தாள். இரண்டு நாளில் முடித்தோம். கூஜாவைக் கவிழ்த்தால் புளியங்கொட்டை மலை மாதிரி குவிந்தது. பூட்டு பிரமாதமாக ஜெயிக்கிறது!

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ஒரு கடலையை எடுத்து முகர்ந்தார்.

"வறுத்ததா?"

"ஆமா. வீட்ல அதுதான் இருந்துச்சு."

"வறுத்த கடலையைக் கையில குடுத்தா எவன் கூஜாவுல போடுவான்? வாயிலதான் போடுவான்."

என் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் இன்னும் இரண்டு கடலை கேட்டது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தேர்தலில் அவ்வளவு ஆர்வம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"நீங்களே கூட வந்து கேட்டுக் கொடுங்களேன்" என்றேன் சலித்துப்போய்.

"நான் சர்க்கார் ஆளு. ஓட்டு விசயத்துல வாயே தொறக்க மாட்டேன். ஆனா கொட்டையைப் பத்திக் கேட்டா சொல்லுவேன். தின்ன முடியாத ரெண்டு கொட்டையா எடுத்துக்கினு போங்க. சாயந்திரமும் போங்க. கூலித்தறிக்குப் போனவங்க அப்பத்தான் திரும்புவாங்க. பாய்மாருங்க தெருவுக்கு அண்ணியை மட்டும் அனுப்புங்க. நீங்க நின்னா பொம்பளைங்க கதவுக்குப் பின்னாலதான் நிப்பாங்க."

மூன்றாவது முறை புளியங்கொட்டையும் காய்ந்த மொச்சையும். நான்கு சாயங்காலம் அலைந்தோம். கொட்டிப் பிரித்து எண்ணினால் இரண்டு குவியலும் ஏறக்குறைய சமம். மொச்சை ஒரு கைப்பிடி கூட. மொச்சைதான் தராசு.

"அப்போ தராசுதான்" என்றேன்.

"ஒரு கைப்பிடிக்கா? பத்து வூடு விட்டுப்போச்சுன்னா அந்தப் பிடி எங்க போவும்? உங்களுக்குத் தெரியலண்ணா. தெரியலன்னே போடுங்க."

அப்படியே எழுதிக்கொண்டு போனேன். 'இரு தரப்பும் சமம். இன்னார் வெல்வார் என்று சொல்ல முடியவில்லை.' முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்யா, தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு பேப்பரா? அதைத்தான் டீக்கடையில ஊரே சும்மா சொல்லிக்கினு இருக்குதே. அந்த முதல் நோட்டு எங்க?"

முதல் நோட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைக் கொடுத்திருக்கக் கூடாது. வீட்டில் தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவன் ஒன்றும் இல்லை நான். ஆனால் கீழே என் பெயர் வரும். கொடுத்துவிட்டேன்.

'தராசு வெற்றி உறுதி! இரண்டுக்கு ஒன்று!' என்று வந்தது. கீழே கறுப்பு எழுத்தில் என் பெயர். என் மனைவி அதைக் கத்தரித்து வைக்கவில்லை. பக்கத்துப் போர்ஷனிலிருந்து யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

தேர்தல் நடந்தது. தராசுதான் ஜெயித்தது. ஒன்பது ஓட்டில்.

ஊரில் என் மவுசு ஏறிவிட்டது. முதலாளி அச்சகத்தில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். முடிவெட்டும் கடையில் எனக்கு முதல் நாற்காலி. இரண்டு ஜாங்கிரியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேராகப் பக்கத்துப் போர்ஷனுக்குப் போனேன்.

"பார்த்தீங்களாம்மா? சொன்னது பலிச்சிடுச்சு."

"எத்தினி ஓட்டு?"

"ஒன்பது."

"நீங்க பேப்பர்ல இன்னா போட்டீங்க?"

"ரெண்டுக்கு ஒண்ணு."

"அது எங்கருந்து பலிச்சுது? அன்னிக்கு ஒன்பது பேருக்கு வயித்து வலி வந்திருந்தா?" என்று ஜாங்கிரியை வாங்கிக்கொண்டார். "ஜாங்கிரி நல்லாருக்குது."

எனக்குக் கோபம்தான். சரியாக வந்த பிறகும் தப்பு என்கிற ஆளிடம் என்ன பேசுவது? இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை எங்கள் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. தோற்றுப்போன தறிக்காரர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். எங்க பின்தெருவுக்கு நீங்க கேக்க வந்தப்போ, எனக்குப் போடறேன்னு யாருமே சொல்லலியா சார்?"

நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"இல்ல, பேப்பரைப் பார்த்துட்டு எங்க ஆளுங்களே, எப்பிடியும் தோக்கப் போறோம், எதுக்கு வெயில்ல நிக்கணும்னு திருமுக்கூடல்ல ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாங்க சார். ரெண்டு மாட்டு வண்டி நிறைய. ஒன்பது ஓட்டுன்னதும் இப்ப தலையில அடிச்சுக்கினு அழுவறாங்க. அதான், நிசமாவே யாரும் சொல்லலியான்னு..."

"சொன்னாங்க" என்றேன். "உங்க தெருவுல பாதிக்கு மேல உங்களுக்குத்தான். வார்டு முழுக்க ஏறக்குறைய சமம். எண்ணி வெச்சிருந்தேன். போடல."

அவர் ஒரு வார்த்தை கூடத் தப்பாகப் பேசவில்லை. "சொன்னாங்களா? அது போதும் சார்" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று பக்கத்துப் போர்ஷனிலிருந்து காப்பி குடிக்க வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னால்தான் தறிக்காரர் தோற்றார், இரண்டு வண்டி ஆட்களை நானே கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டேன் என்றெல்லாம் புலம்பினேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அது பேப்பராலதான்னு யாரு சொன்னாங்க?" என்றார்.

"அவங்களேதான்."

"தோத்த பின்னாடி, தோத்தவரு எதிர்ல. வேற இன்னா சொல்லுவாங்க? கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுப் போனோம்னு எவன்னா சொல்லுவானா? பேப்பராலயும் இருக்கலாம், பாயசத்தாலயும் இருக்கலாம். அது நமக்குத் தெரியாதுண்ணா."

எனக்கு மூச்சு கொஞ்சம் இலேசானது. அவர் முடிக்கவில்லை.

"ஆனா உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருந்துச்சு. அதை நீங்க போடல. அது மட்டும் நல்லாத் தெரியுது."

குரலை உயர்த்தாமல், காப்பியை ஆற்றியபடியே சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அடுத்து சட்டமன்றத் தேர்தல் வந்தபோது, நாடி பிடிப்பதில் நான் கைராசிக்காரன் என்று முதலாளி மறுபடி என்னை அனுப்பினார். இந்த முறை எந்தெந்தத் தெரு, எந்த நேரம், எத்தனை கதவு திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி, 'ஆகவே சொல்ல இயலவில்லை' என்று முடித்தேன். இதைப் போடுவதானால் என் பெயர் இருக்கட்டும், வேறு மாதிரி போடுவதானால் என் பெயர் வேண்டாம் என்றும் சொன்னேன். முதலாளி இரண்டு நாள் கத்தினார். வேறு ஆள் கிடைக்காததால், உள்பக்கத்தில் ஒரு தைல விளம்பரத்துக்குக் கீழே போட்டார். அநேகமாக யாரும் படிக்கவில்லை. ஒருவர் மட்டும் படித்துவிட்டு வந்தார்.

"ரெண்டாவது தெருவுக்கு அமாவாசை அன்னிக்கிப் போயிருக்கீங்க. அன்னிக்குத் தறி லீவு. பாதிப்பேரு சினிமாவுக்குப் போயிருப்பான். மத்தபடி சரி."

மத்தபடி சரி. அவர் வாயிலிருந்து இன்னொருவருக்கு அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் அவருக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் கிடைத்தது. அவரே கேட்டு வாங்கியதுதான். நகராட்சி அலுவலகத்தில் சின்னதாக ஒரு விடைகொடுப்பு வைத்தார்கள். சுகாதார அதிகாரி, "இந்த அம்மா மேல யாருக்காவது குறை உண்டா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும், "இல்லீங்க, தங்கமானவங்க" என்றார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரை எதிரில் வைத்துக்கொண்டு அதிகாரி கேட்ட கேள்விக்கு என்ன மதிப்போ அந்த மதிப்புக்கு ஒரு சின்னப் புன்னகை. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, காக்கிப் பையையும் ஊசியையும் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பஸ் நிலையம் வரை நானும் மனைவியும் போனோம். அரக்கோணம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. பெட்டியோடு படியில் ஒரு காலை வைத்துவிட்டார். அப்போது சாயப்பட்டறைப் பக்கமிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் பச்சைக் குழந்தை. நாங்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

"யக்கா! யக்கா, போயிடாதக்கா! இதுக்குக் குத்திட்டுப் போக்கா. புது அம்மா வருவாங்களாமே, அவங்க கை எப்பிடியோ? உன் கையால குத்திட்டா எனக்குப் பயமில்ல."

அவர் படியிலேயே நின்றுவிட்டார். அவளை யாரும் கூப்பிடவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் சட்டைக் கையை ஏற்கெனவே மேலே சுருட்டிவிட்டுத்தான் தூக்கி வந்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். ஒரு கேள்வி கூட வரவில்லை. அவருக்கு அப்படி ஆகி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"பையை ஒப்படைச்சிட்டேனேம்மா" என்றார் கடைசியில். பிறகு படியிலிருந்து இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். "வா, ஆபீஸுக்குப் போவோம். அந்தப் பொண்ணு குத்தட்டும். நான் புடிச்சுக்கறேன்."

பஸ் போய்விட்டது. நாங்கள் நான்கு பேரும் வெயிலில் திரும்பி நடந்தோம். புதிதாக வந்திருந்த பெண் குத்தினாள். குழந்தை வீறிட்டது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நெடுநேரம் தட்டிக்கொடுத்தார். அழுகை நின்ற பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுபடி பஸ் நிலையத்துக்கு வந்து, அடுத்த அரக்கோணம் பஸ் எப்போது என்று விசாரித்தேன்.

"இதோ அஞ்சு நிமிசம், வந்துக்கினே இருக்குது" என்றார் நேரக்காப்பாளர், தலையைத் தூக்காமலே.

நான் ஊருக்குப் புறப்பட்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளி, முந்தானையால் பெஞ்சைத் துடைத்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, நீங்களும் உக்காருங்க" என்றார்.